எழுத்தில் ஏவுகணை எளிது!
விஞ்ஞானக் கதை சினிமாவாகும்போது எழுத்தாளர் படும் பாடு

இந்தியாவின் ‘அக்னி’ ஏவுகணை முதன்முதலாக விண்ணில் பாய்ந்தது 1989 மே 22-ம் தேதி. ஆனால் அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே, 1986-ல், தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ‘அக்னிபுத்ரா’ என்ற ஏவுகணை பறந்துவிட்டது! படத்தின் பெயர் ‘விக்ரம்’. (2022-ல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய படம் அல்ல; இது பழைய விக்ரம்.) கதை, எழுத்தாளர் சுஜாதாவுடையது.

பேப்பரில் ஏவுகணை விட ஒரு பேனா போதும். அதையே திரையில் விட எவ்வளவு வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் விஞ்ஞானக் கதை எழுதுபவரின் எல்லாச் சிரமமும் அடங்கியிருக்கிறது. அது என்ன சிரமம், அதில் எந்தப் பகுதியைக் கம்ப்யூட்டர் தீர்த்துவிட்டது, எந்தப் பகுதியை இன்னும் தீர்க்கவில்லை என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கடைசியில், எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நண்பர்கள் செய்து பார்த்த ஒரு முயற்சியையும் சொல்கிறேன்.

எழுதியவர் ஓர் இன்ஜினியர்

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935-ல் பிறந்தவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பின்னாளில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். நாம் ஓட்டுப் போடும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆக, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்த்து வியந்து எழுதியவர் அல்ல, சர்க்யூட் தெரிந்தவர். எந்த இயந்திரம் சாத்தியம், எது சாத்தியமில்லை என்று அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கே சினிமா என்பது வேறு இயந்திரமாக இருந்தது. ஏன்?

வாசகர்தான் கிராபிக்ஸ் கார்டு

‘அந்த நாய் தலையைத் திருப்பி, சலிப்போடு பேசியது’ என்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் மனதில் உடனே ஒரு நாய் வந்துவிடும். என்ன நிறம், காது எப்படி, குரல் எப்படி என்பதையெல்லாம் வாசகரே நிரப்பிக்கொள்வார். அதாவது, கதையை ‘ரெண்டர்’ செய்யும் கிராபிக்ஸ் கார்டு வாசகரின் மூளை! எழுத்தாளருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற ரோபோ நாயை வாசகர்கள் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆளாளுக்கு ஒரு ஜீனோ. அது பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. திரையில் ஒரே ஒரு ஜீனோதான் இருக்க முடியும். அது எல்லோருடைய ஜீனோவுடனும் போட்டி போட வேண்டும். இது விஞ்ஞானக் கதைக்கே உள்ள தனிக் கஷ்டம். குடும்பக் கதையில் வரும் மாமியாரைத் திரையில் பார்த்தால், ‘சரி, இவரும் ஒரு மாமியார்’ என்று ஏற்றுக்கொள்வோம். இதுவரை யாருமே பார்க்காத ஒரு பொருளை அப்படி ஏற்க மனம் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

ஒரு கதை, இரண்டு வெர்ஷன்

‘விக்ரம்’ கதையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. படம் உருவான காலத்திலேயே அதே கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. நாவல் முதலில், படம் பிறகு என்பதல்ல. இரண்டும் ஒரே சமயத்தில்! சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், ஒரே புரோகிராமை இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரே நேரத்தில் எழுதுவது போல.

வாரப் பத்திரிகைத் தொடருக்கு வாராவாரம் ஒரு முடிச்சு வேண்டும். ‘அடுத்து என்ன?’ என்று வாசகர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். சினிமாவுக்கு இடைவேளையில் ஒரு பெரிய முடிச்சு போதும்; ஆனால் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், சிரிப்பு வேண்டும். கடத்தப்பட்ட ஏவுகணை, அதைத் தேடிப் போகும் ஏஜென்ட், கூடவே ஒரு பெண் கம்ப்யூட்டர் நிபுணர் என்று கதை தொடங்குகிறது. பிறகு ‘சலாமியா’ என்ற கற்பனை நாட்டுக்குப் போய், அரண்மனை, இளவரசி என்று வேறு பாதையில் நடக்கிறது. படத்துக்குத் திரைக்கதை சுஜாதாவும் கமல்ஹாசனும் சேர்ந்து எழுதினார்கள், இயக்கியவர் ராஜசேகர். பத்திரிகைத் தொடர் ஒருவரின் பேனா. படம் பல கைகளின் வேலை.

நம் பக்கத்து நாட்டில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்குக்கும் இதே அனுபவம் உண்டு. 1956 முதல் இலங்கையில் குடியிருந்தவர் அவர். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ நாவலை அவரும், படத்தை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் ஒரே காலத்தில் வளர்த்தார்கள். நாவலில் விண்கலம் சனிக் கிரகத்துக்குப் போகிறது. படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது! காரணம் வேடிக்கையானது. சனியின் வளையங்களை நம்பும்படியாகத் திரையில் காட்ட, அன்றைய தொழில்நுட்பத்தால் முடியவில்லை. எழுத்தாளர் போட்ட பாதையை ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவு மாற்றிவிட்டது. அதைவிட வேடிக்கை, 1982-ல் அடுத்த பாகத்தை எழுதியபோது கிளார்க் தன் நாவலைத் தொடரவில்லை. படத்தைத் தொடர்ந்து, வியாழனையே வைத்துக்கொண்டார். உலகமே பார்த்துவிட்ட வெர்ஷனுடன் மோதி ஜெயிக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

லண்டன் சிங்கப்பூர் ஆனது

விஞ்ஞானக் கதைக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். சுஜாதாவின் ‘ப்ரியா’ நாவல் லண்டனில் நடப்பது. 1978-ல் படமானபோது கதை சிங்கப்பூருக்குப் போனது. நாவலில் வக்கீல் கணேஷ் மூளையால் வேலை செய்பவர். படத்தில் அந்த வேடத்தில் ரஜினிகாந்த். எனவே டூயட்டும் உண்டு, சண்டையும் உண்டு.

இந்த அனுபவங்களையெல்லாம் பார்த்த சுஜாதா, சினிமாவைத் திட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். சினிமாவின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டார். ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ என்று தமிழில் ஒரு புத்தகமே எழுதினார். ‘இந்தியன்’, ‘முதல்வன்’, ‘அந்நியன்’, ‘சிவாஜி’ என்று ஷங்கரின் படங்களுக்கு வசனம் எழுதினார். ஒரு மொழி ஓடாத மெஷினில் வேறு மொழி கற்றுக்கொண்டு எழுதுவதுதானே புரோகிராமரின் குணம்?

குளத்தில் இறங்கிய விண்கலம்

திரைக்கே வராமல் போன கதையும் ஒன்று உண்டு. வங்காளத்தின் சத்யஜித் ரே 1962-ல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகையில் வேற்றுக்கிரகவாசி பற்றி ஒரு சிறுகதை எழுதினார். பிறகு 1967-ல் ‘தி ஏலியன்’ என்று ஒரு திரைக்கதை எழுதினார். வங்காளக் கிராமத்துக் குளம் ஒன்றில் விண்கலம் இறங்குகிறது. தண்ணீருக்கு மேலே தெரியும் கூம்பைப் பார்த்துவிட்டு, ‘மூழ்கிப்போன கோவில் மேலே வருகிறது’ என்று ஊர்மக்கள் கும்பிடுகிறார்கள்!

ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகப் பேச்சு. இடையில் நின்றவர், இலங்கையில் கிளார்க்கின் கூட்டாளியாக இருந்த மைக் வில்சன். ரே எழுதிய திரைக்கதையின் காப்பிரைட்டில் ரேயின் பெயரோடு அவர் பெயரும் ஏறியிருந்தது. கடைசியில் படம் நின்றுபோனது. பிரதிகள் மட்டும் ஹாலிவுட்டில் சுற்றின. 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்தபோது, தன் திரைக்கதைப் பிரதிகள் இல்லாமல் அந்தப் படம் சாத்தியமாகியிருக்காது என்று ரே கருதினார்; ஸ்பீல்பெர்க் மறுத்தார். ரே உலகம் அறிந்த இயக்குநர். அவருக்கே இந்த நிலை என்றால், தொழில்நுட்பம் மட்டும் எழுத்தாளரின் பிரச்சினை இல்லை என்பது தெரிகிறது.

காத்திருந்த ரோபோ

ஷங்கரின் ரோபோ படத்துக்கு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது. முதலில் கமல்ஹாசன், ப்ரீத்தி ஜிந்தா என்று பேசப்பட்டது, நின்றது. 2007-ல் ஷாருக் கான் என்று செய்தி வந்தது; அதுவும் நின்றது. 2008 ஜனவரியில் ரஜினிகாந்த் என்று முடிவானது. ஆனால் 2008 பிப்ரவரி 27-ம் தேதி சுஜாதா காலமானார். (சரியாக 21 நாள் கழித்து, மார்ச் 19-ல், கொழும்பில் கிளார்க்கும் மறைந்தார்.)

‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1-ல் வெளியானது. ‘என் இனிய இயந்திரா’வின் படமாக்கம் அல்ல அது, கதை ஷங்கருடையது. வசனத்தில் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி என்று மூன்று பெயர்கள். ஸ்ரீனிவாஸ் மோகனின் மேற்பார்வையில் விஷுவல் எஃபெக்ட்ஸ், அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ் செய்த ரோபோ உருவங்கள் என்று பெரிய படையே வேலை செய்தது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

1986-ல் இரண்டு காட்சிகளை ஒன்றாக ஒட்ட வேண்டுமானால், ஃபிலிமை ஆப்டிகல் பிரிண்டரில் வைத்து மறுபடி படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். 2010-ல் அது டிஜிட்டலில், தரம் குறையாமல் முடிந்தது. எழுத்தாளரின் கற்பனைக்கு ஹார்டுவேர் வந்து சேர இத்தனை காலம் ஆனது. வந்து சேர்ந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

கரிசல் காட்டில் ஒரு முயற்சி

இனி எங்கள் ஊர்க் கதை. அருப்புக்கோட்டை தறி ஓடும் ஊர். சுற்றிலும் திருச்சுழி வரை கரிசல் பூமி, சீமைக் கருவேலம், மழை பெய்தால் மட்டும் நிறையும் கண்மாய்கள். ‘இங்கே விஞ்ஞானக் கதையா?’ என்று நீங்கள் கேட்கலாம். மானாவாரி விவசாயி போல வானத்தை உற்றுப் பார்ப்பவர் வேறு யார்?

திருச்சுழிப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் 6 பக்கத்தில் ஒரு சிறுகதை எழுதினார். மழை தவறிய ஐப்பசி. மல்லி விதையைக் கையில் வைத்துக்கொண்டு, விதைப்பதா வேண்டாமா என்று தவிக்கிறார் ஒரு பெரியவர். அன்றிரவு வறண்ட கண்மாய்க்குள் ஏதோ ஒன்று நீல வெளிச்சத்தோடு இறங்குகிறது. பெரியவருக்கு வந்தது யார், எந்த கிரகம் என்ற கவலையே இல்லை. ‘இதனால் மழை வருமா, இருக்கிற மேகமும் போய்விடுமா?’ என்பதுதான் கேள்வி. அந்தப் பெரியவர் நண்பரின் அப்பாதான் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் விதைத்த விதையெல்லாம் மண்ணுக்குள்ளேயே கருகிப்போன வீடு அது.

இதைக் குறும்படமாக எடுக்க நான்கு பேர் உட்கார்ந்தோம். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்பதால் கம்ப்யூட்டர் வேலை என் தலையில். சாதாரண டெஸ்க்டாப், 16 ஜி.பி. ரேம், 6 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. சாஃப்ட்வேர், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர்.

முதலில் ஒரு கணக்கு. சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கு 1440. ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக 5 நிமிடம் என்றால் மொத்தம் 7200 நிமிடம்; அதாவது 120 மணி நேரம், 5 முழு நாள். ஒரே ஒரு நிமிடத்துக்கு!

‘கண்மாய் முழுக்க நீலமாக எரிந்தது’ என்று நண்பர் எழுதியிருந்தார். நான்கு வார்த்தை. அதை அப்படியே காட்டினால் எங்கள் கம்ப்யூட்டர் தாங்காது. எனவே வெளிச்சத்தைக் காட்டாமல், வெளிச்சம் பட்டதைக் காட்டினோம். கண்மாய்க் கரையில் நீல எல்.ஈ.டி. விளக்கை பேட்டரியில் எரியவிட்டு, கருவேல மரத்திலும் பெரியவர் முகத்திலும் அந்த நிறம் விழும்படி எடுத்தோம். கம்ப்யூட்டரில் செய்தது மொத்தம் 14 விநாடிதான். 336 ஃபிரேம், ஃபிரேமுக்கு 6 நிமிடம், 33 மணி 36 நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் நண்பருக்குச் சிரமம் கொடுத்தது இந்த 14 விநாடி அல்ல. கதையில் ஒன்றரைப் பக்கத்துக்குப் பெரியவர் யோசிக்கிறார். பழைய பஞ்சம், அடகு வைத்த கம்மல், பிள்ளையின் படிப்பு எல்லாம் அந்த யோசனையில் இருந்தன. கேமராவுக்கு யோசனை தெரியாது. பின்னணிக் குரலில் பேசவிடலாம் என்றார் ஒருவர். எழுதிப் பார்த்தோம், ரேடியோ நாடகம் போல இருந்தது. மூன்று முறை திருத்திய பிறகு நண்பரே அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிட்டார். பதிலுக்கு ஒன்று எழுதினார்: ‘பெரியவர் விதைப் பையின் சுருக்கை அவிழ்க்கிறார். வெளிச்சத்தைப் பார்க்கிறார். வானத்தைப் பார்க்கிறார். சுருக்கை மறுபடி கட்டுகிறார்.’

அடித்தபோது அவர் முகம் வாடித்தான் போனது. அப்பாவின் கம்மல் கதை போய்விட்டதே! ஆனால் படத்தைப் போட்டுக் காட்டியபோது, அவர் அப்பா நீல வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பை கட்டும் இடத்தில் மட்டும், ‘கட்டுனது சரிதான். அந்த ஈரத்துக்கு மொளைக்காது’ என்றார். ஒன்றரைப் பக்கமும் அவருக்குக் கேட்டிருக்கிறது!

நீங்களும் செய்து பார்க்க...

1. முதலில் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு, திரையில் தெரியாத, காதில் கேட்காத வரிகளையெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். அவை எல்லாம் செயலாக மாற வேண்டும்; அல்லது போக வேண்டும்.

2. ‘பிரம்மாண்டம்’ வரும் இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஃபிரேம் கணக்கு எழுதுங்கள். 24-ஆல் பெருக்கினாலே பாதி ஆசை அடங்கிவிடும்!

3. பிளெண்டரில் ரெண்டர் செய்யும்போது நேரடியாக வீடியோ ஃபைலாக எடுக்காதீர்கள். பி.என்.ஜி. படங்களாக எடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் முடிந்த ஃபிரேம்கள் பத்திரமாக இருக்கும். அவுட்புட் பகுதியில் ‘ஓவர்ரைட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், மறுபடி ஆரம்பிக்கும்போது முடிந்த ஃபிரேம்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் செய்யும். எங்கள் ஊர் போன்ற இடங்களில் இது பெரிய வரப்பிரசாதம்.

4. மற்றவர் கதையை எடுப்பதானால் எழுத்தாளரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ எழுத்து மூலமாக அனுமதி வாங்குங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்பிரைட் உண்டு. சுஜாதாவின் எழுத்துகளுக்கு இது 2068 முடியும் வரை. புதுமைப்பித்தன், கல்கி போன்றோரின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றில் தேடிப் பாருங்கள்.

5. உங்கள் சொந்தத் திரைக்கதை என்றால், யாருக்கும் அனுப்பும் முன் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள். சத்யஜித் ரேயை நினைத்துக்கொள்ளுங்கள்!

பிளெண்டர் 2002-ல் மக்கள் தந்த நன்கொடையால் இலவச, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேராக ஆனது. அதில் உருவான ‘ஃப்ளோ’ என்ற லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் பூனைப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை! அதே சாஃப்ட்வேர்தான் உங்கள் வீட்டிலும் இறங்கும். 1986-ல் பணம் போட்டும் கிடைக்காத வசதி இன்று டவுன்லோடில் கிடைக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது என்பதற்கு மட்டும் இன்னும் சாஃப்ட்வேர் வரவில்லை. அதற்கு ஒரு பென்சிலும், அடித்துவிட்டு ஒரு நாள் வருத்தப்படும் மனதும் வேண்டும். எழுதி வைத்த கதை ஏதாவது உங்கள் அலமாரியில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்களேன்!